இருதயமேரி பயந்தது கத்திக்கு இல்லை

இருதயமேரி யாரையும் லேசில் நம்பமாட்டாள். பால்காரன் சிரித்தால் தண்ணீர் கலந்திருக்கிறான் என்பாள். சிரிக்காவிட்டால் நிறையக் கலந்திருக்கிறான் என்பாள். செஞ்சியில் திருவண்ணாமலை ரோட்டோரம் கன்னியாஸ்திரீகள் நடத்திவந்த பன்னிரண்டு கட்டில் ஆஸ்பத்திரி ஒன்றில் அவள் ஆபரேஷன் அறை ஆயா. கத்தி கத்தரிகளைக் கொதிக்க வைப்பது, நோயாளியைத் துடைத்து மேஜையில் ஏற்றுவது எல்லாம் அவள் வேலை. நர்ஸுகள் பற்றாத இடம் என்பதால், வயிற்றைத் தைத்து மூடுமுன், ரத்தம் ஒற்ற உள்ளே வைத்த காஸ் துணிகள் அத்தனையும் வெளியே வந்துவிட்டனவா என்று எண்ணிச் சொல்வதும் அவள்தான். சர்ஜன் ஊசியும் நூலுமாக நிற்பார். அவர் கனைத்தாலும் உறுமினாலும் மூன்று தடவை எண்ணாமல் இவள் வாயைத் திறக்கமாட்டாள். அவளுடைய சந்தேகப் புத்திக்கு அந்த ஆஸ்பத்திரியில் நல்ல மரியாதை இருந்தது.

பிறந்தது அவலூர்பேட்டைப் பக்கம். வாழ்க்கைப்பட்டது செஞ்சியில். புருஷன் அடைக்கலராஜ் கல்யாணமான நாலாம் வருஷமே காலராவில் போய்ச் சேர்ந்தான். பிள்ளை இல்லை. மாமனார் வீட்டில் இரண்டு வேளைச் சோற்றுக்கு நாள் முழுக்கப் பேச்சு வாங்கியவள், ஒருநாள் கையிலிருந்த முறத்தைக் கீழே போட்டுவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்கு நடந்து வந்து, துணி துவைக்கவாவது ஒரு வேலை கொடுங்கள் என்று நின்றாள். அந்த ரோஷக்காரிதான் படிப்படியாக ஆபரேஷன் அறை வரைக்கும் வந்தாள். இந்த வேலை போனால் மறுபடியும் அந்த முறத்தைத்தான் கையில் எடுக்க வேண்டும் என்ற பயம் மட்டும் அவளை விட்டுப் போகவே இல்லை.

ஆபரேஷன் அறையில் அவளுக்கு ஒரு ரகசிய வேடிக்கையும் இருந்தது. அந்தக் காலத்தில் மயக்க மருந்து என்றால் ஈதர். மூக்கின் மேல் துணி வேய்ந்த கம்பிக் கூட்டை வைத்துச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். மயக்கம் முழுசாக இறங்குவதற்கு முன்னால் ஒரு பாழும் இரண்டு நிமிஷம் உண்டு. அதில் மனுஷனுக்கு நாக்கு கழன்றுவிடும். கைகாலை உதறிக்கொண்டு, அடிவயிற்றில் புதைத்து வைத்ததையெல்லாம் கொட்டுவான். எவன் எல்லைக் கல்லை நகர்த்தினான், எவள் நாத்தனார் கம்மலைக் கிணற்றில் போட்டாள் எல்லாம் இருதயமேரிக்கு அத்துப்படி. ஒன்றையும் அவள் வெளியே விட்டதில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் காலைப் பிடித்து அமுக்கிக்கொண்டே, நம்மை ஒருநாள் இந்த மேஜையில் ஏற்றினால் என்ன ஆகும் என்று நினைப்பாள். நினைத்ததும் இன்னும் பலமாக அமுக்குவாள்.

அறுபத்தைந்தாம் வருஷம் தை மாசம் பவுனம்மாள் வேலைக்கு வந்து சேர்ந்தாள். பர்மாவிலிருந்து கப்பலேறித் திரும்பி வந்த அகதிகளில் ஒருத்தி. ரங்கூனில் புருஷன் துறைமுகத்தில் மூட்டை தூக்கினான். இவள் ஒரு சீன வைத்தியர் வீட்டில் பதினான்கு வருஷம் பாத்திரம் தேய்த்து, பிறகு அவருக்குக் கையாளாகவும் இருந்தாள். புருஷன் அங்கேயே மண்ணாகிவிட, அவனுடைய சொந்த ஊர் என்று செஞ்சிக்கு வந்தவள். மெலிந்த உடம்பு, தணிந்த குரல். மடியில் எப்போதும் ஒரு தகரச் சிமிழ், அதன் மூடியில் சீன எழுத்து. உள்ளே தலைமுடியைவிடக் கொஞ்சம் தடித்த ஊசிகள்.

இருதயமேரிக்கு இது போதாதா? மூன்று வருஷத்துக்கு முன்னால்தான் சீனாக்காரன் சண்டைக்கு வந்தான். யுத்த நிதிக்கென்று தாலிகட்டின நாளில் போட்ட மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தவள் அவள். அந்தச் சீனாக்காரனின் ஊசி, நோயாளிகள் படுக்கும் வார்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டது. தவிர, நம்ம பக்கம் ஊசி குத்துவது எதற்கென்று எல்லோருக்கும் தெரியும். மாவுப் பொம்மையிலும் எலுமிச்சம்பழத்திலும் குத்தி, ஆகாதவன் வாசலில் புதைக்கிறதற்கு. பொம்மையை விட்டுவிட்டு ஆளையே குத்துகிறாளே, இவள் எப்பேர்ப்பட்டவளாக இருக்க வேண்டும் என்று துவைக்கிற கல்லிலிருந்து சமையல்கட்டு வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

டாக்டர் சிஸ்டரிடமும் போய்ச் சொன்னாள். ஆஸ்பத்திரியின் தலைமை டாக்டரான அந்த அம்மாள் கன்னியாஸ்திரீ, அதிகம் பேசாதவர். ஊசியைத் தன் கையிலேயே குத்தச் சொல்லிப் பார்த்தார். கொதிக்க வைத்துத்தான் எடுக்கிறாளா என்று நின்று கவனித்தார். நோய் தீரும் என்று யாரிடமும் சொல்லக்கூடாது, ஆபரேஷனுக்குப் பயந்து நடுங்குகிறவர்களுக்கு மட்டும் செய்யலாம், அதுவும் அவர்கள் சம்மதித்தால்தான் என்று உத்தரவு போட்டார். இதனால் மயக்க மருந்து வேண்டாம் என்று ஆகிவிடாது, பயம் கொஞ்சம் அடங்கினால் நமக்கும் நல்லதுதானே என்றார். சிஸ்டருக்கே மருந்து வைத்துவிட்டாள் என்று இருதயமேரி முடிவு கட்டினாள்.

அதன்பிறகு அவள் கண் பவுனம்மாள் மேலேயே இருந்தது. ஆபரேஷன் நாளில் காலையிலேயே பவுனம்மாள் நோயாளியின் கட்டிலருகே முக்காலி போட்டு உட்காருவாள். உள்ளங்கையை மலர்த்தி, மணிக்கட்டு மடிப்பிலிருந்து மூன்று விரற்கடை மேலே, இரண்டு நரம்புக்கு நடுவில் ஒரு ஊசி. பொட்டு வைக்கிற இடத்தில் ஒன்று. சிலருக்கு முழங்காலுக்குக் கீழே ஒன்று. ஊசிக்குச் சம்மதிக்காதவர்களுக்கு அதே இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொள்வாள். கால் மணி, இருபது நிமிஷம். அதற்குள் நோயாளி பேச ஆரம்பித்துவிடுவார். மெதுவாக, தூக்கத்தில் பேசுகிற மாதிரி. பவுனம்மாள் ம் கொட்டுவதுகூட இல்லை, குனிந்து கேட்டுக்கொண்டிருப்பாள்.

இங்கேதான் இருதயமேரி ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தாள். பவுனம்மாள் கை பட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் மேஜையில் உளறவில்லை. கைகால் உதறல் கம்மி. முழித்த பிறகு வாந்தியும் கம்மி. டாக்டர் சிஸ்டர் நாடித்துடிப்பை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டார், அவ்வளவுதான். இருதயமேரி வேறு கணக்கு போட்டாள். உளறுவதற்கு உள்ளே ஏதாவது மிச்சம் இருந்தால்தானே உளறுவார்கள்? ஊசியைக் குத்தி எல்லாவற்றையும் முன்கூட்டியே உருவிக்கொண்டுவிடுகிறாள் இந்தப் பர்மாக்காரி. ஊர் ரகசியமெல்லாம் அந்தச் சிமிழுக்குள் சேருகிறது. தான் இத்தனை வருஷம் காலைப் பிடித்துக் கேட்டதை இவள் முக்காலியில் உட்கார்ந்தபடி கேட்கிறாளே என்ற பொறாமையும் அதில் கலந்திருந்தது. அதை அவள் ஒத்துக்கொள்ளமாட்டாள்.

அடுத்த வருஷம் சித்திரையிலிருந்து இருதயமேரிக்கு உதிரப்போக்கு. வெளியே சொல்லவில்லை. உடுத்த சேலைக்குள் இன்னொரு பழஞ்சேலையைக் கிழித்துக் கட்டிக்கொண்டு வேலை பார்த்தாள். ஆடி மாசம் ஒருநாள் கொதிநீர்ப் பாத்திரத்தோடு மயங்கி விழுந்ததில் வெளிச்சமாகிவிட்டது. டாக்டர் சிஸ்டர் பார்த்துவிட்டு, கர்ப்பப்பையில் தேங்காய் அளவுக்குக் கட்டி, எடுத்தே ஆகவேண்டும், தள்ளிப்போட்டால் ரத்தமில்லாமலே செத்துப்போவாய் என்றார். முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்கிற முறையும் அவருக்குத் தெரியும்; ஆனால் இவ்வளவு ரத்தம் குறைந்த உடம்புக்கு அது ஆகாது, ஈதர்தான் என்று சொல்லிவிட்டார். புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாமா என்று யோசித்தாள். அங்கே நர்ஸாக இருந்தவர்களில் ஒருத்தி அவலூர்பேட்டைக்காரி. தான் திரும்பி வருவதற்குள் சேதி பஸ் ஏறி வந்துவிடும்.

அப்படி என்ன சேதி?

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், மண்டகப்பட்டிலிருந்து ராஜாம்பாள் என்று ஒரு விவசாயி மனைவி வயிற்றுக் கட்டிக்காக வந்தாள். இருபத்தாறு வயசு. இடுப்பில், கைக்குழந்தைப் பருவம் தாண்டின ஒரு பெண். இருதயமேரி ஆபரேஷன் அறைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகாத சமயம். இருபது காஸ் துணி உள்ளே போனது, எண்ணினால் பத்தொன்பது. மறுபடி எண்ணினாலும் பத்தொன்பது. அப்போதிருந்த சர்ஜன் மகா கோபக்காரர். எண்ணத் தெரியாத கழுதையை எல்லாம் எவன் உள்ளே விட்டான் என்று கத்தினார். வேலை போய்விடும் என்ற பயத்தில் இருதயமேரி, எல்லாம் வந்துவிட்டது என்று சொல்லிவிட்டாள். வயிற்றைத் தைத்தார்கள். அப்புறம் வாளியைக் கவிழ்த்து, தரையைத் துழாவிப் பார்த்தாள். பத்தொன்பதுதான். அப்போதாவது சொல்லியிருக்கலாம். மறுநாள் சொல்லியிருக்கலாம். ராஜாம்பாள் பத்து நாள் கட்டிலில் கிடந்தாளே, அதற்குள்ளாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வீட்டுக்குப் போன ராஜாம்பாள் நாற்பதாம் நாள் காய்ச்சலும் உப்பின வயிறுமாகத் திரும்பி வந்து, மேஜையில் ஏற்றுமுன்னே உயிரை விட்டாள். ஜன்னிக் காய்ச்சல் என்று எழுதினார்கள். அந்த சர்ஜனும் வடக்கே எங்கேயோ போய்விட்டார். விஷயம் தெரிந்தவள் இவள் ஒருத்திதான்.

கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் இல்லை. வருஷா வருஷம் பாஸ்காத் திருநாளுக்கு முன்னால் முழங்காலிட்டு, ஒரு பொய் சொன்னேன் சாமி என்பாள். எத்தனை தடவை என்று கேட்பார் சாமியார். ஒரு தடவை என்பாள். பரிகாரமாக மாதாவுக்கு மூன்று பிரியதத்த மந்திரம் சொல்லச் சொல்வார். அதைச் சொல்லி முடிக்க இரண்டு நிமிஷம் ஆகாது. கோயிலை விட்டு இறங்கும்போது, கடவுளையே ஏமாற்றிவிட்டோம் என்று அவளுக்கு இன்னும் பயமாக இருக்கும்.

இதற்கு மேல் ராஜாம்பாளின் புருஷன் வீராசாமி. பெண்டாட்டி செத்த ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைத்துப் படுப்பானா ஒருத்தன்? இவன் படுத்தான். அவன் ஊரில் எந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாலும் உடனே மாட்டுவண்டியைப் பூட்டி இங்கே கொண்டுவந்து சேர்த்துவிடுவான். கூலி வாங்கமாட்டான். வந்ததும், மேரியம்மா இருக்காங்களா என்று விசாரிப்பான். அந்தக் கேள்வி காதில் விழுந்ததும் இவள் ஆபரேஷன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். இவனுக்குத் தெரியும், தெரிந்துகொண்டுதான் ஆழம் பார்க்கிறான் என்று ஒன்பது வருஷமாக நம்பினாள்.

ஆக, முன்னால் போனால் மேஜையில் எல்லார் காதிலும் உளற வேண்டும். பின்வாங்கினால் சாக வேண்டும். சாகலாம் என்றுகூட மூன்று நாள் நினைத்துப் பார்த்தாள். முடியவில்லை. எல்லார் காதிலும் விழுவதைவிட ஒருத்தி காதோடு போகட்டும் என்று ஊசிக்குச் சம்மதித்தாள். ஆபரேஷன் நாளான வெள்ளிக்கிழமை காலை முக்காலியோடு வந்த பவுனம்மாளைக் கட்டிலில் படுத்தபடியே முறைத்தாள். முதலில் உன் கையில் குத்திக் காட்டு என்றாள். பவுனம்மாள் தன் மணிக்கட்டில் ஒரு ஊசியை ஏற்றிக்கொண்டு, அப்படியே இவள் கையை எடுத்தாள்.

எறும்பு கடித்த அளவுக்குத்தான் இருந்தது. பிறகு அந்த இடம் கனத்தது. மந்தமான ஒரு இழுப்பு முழங்கை வரைக்கும் ஏறியது. நெற்றியில் ஒன்று விழுந்தது. கொஞ்ச நேரத்தில் தாடையை இறுக்கிக்கொண்டிருந்ததே தெரியாமல் அது தளர்ந்தது. அப்போது இருதயமேரி உஷாரானாள். இனிமேல்தான் கேட்பாள், வரட்டும் என்று காத்திருந்தாள். பவுனம்மாள் ஒரு பழைய காலண்டர் அட்டையால் ஈ விரட்டிக்கொண்டிருந்தாள். வெளியே பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. பத்து நிமிஷம் போயிற்று.

"இன்னாடி, ஒண்ணுமே கேக்கமாட்டியா?" என்றாள் இருதயமேரி.

"இன்னாத்தக்கா கேக்கணும்?"

அவ்வளவுதான். அதைக் கேட்டதும் இருதயமேரிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இருபது துணியையும், பத்தொன்பதையும், வாளியைக் கவிழ்த்ததையும், மூன்று பிரியதத்த மந்திரத்தையும் ஒன்று விடாமல் சொன்னாள். ராஜாம்பாள் என்ற பேரையும் சொல்லிவிட்டாள். பவுனம்மாள் ஐயோ என்று சொல்லவில்லை, அடிப்பாவி என்று சொல்லவில்லை. நேரம் ஆனதும் ஊசிகளை ஒவ்வொன்றாக உருவி, அந்த இடத்தைப் பஞ்சால் அழுத்தி, நாடியைப் பிடித்துப் பார்த்தாள். இப்ப சீரா ஓடுது அக்கா என்று சொல்லிவிட்டு முக்காலியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

ஆபரேஷன் முடிந்து முழித்தபோது வயிற்றில் தீ. ஆனால் குமட்டல் இல்லை. பவுனம்மாளின் கட்டைவிரல் மணிக்கட்டில் இருந்தது. தான் என்ன உளறினோம் என்று டாக்டர் சிஸ்டரைக் கேட்டாள். ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொன்னோம், பதினொன்றில் தூங்கிப் போனாய், வேறு ஒரு வார்த்தை இல்லை என்றார் அவர். இருதயமேரி நம்பவில்லை. சிஸ்டர் பொய் சொல்லமாட்டார் என்பது தெரியும், ஆனாலும் நம்பவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நம்பினாள். நம்பியதும் வேறு பயம் பிடித்துக்கொண்டது. மேஜையில் கொட்டவில்லை, சரி. முக்காலியில் கொட்டினோமே!

ஆறு வாரம் ஓய்வு. அந்த ஆறு வாரமும் அவள் காது வாசலிலேயே இருந்தது. சமையல்காரி கஞ்சி கொடுத்துவிட்டு ஒரு நொடி நின்றால், தெரிந்துவிட்டது என்று நினைத்தாள். நிற்காமல் போனால், முகம் பார்க்கவே அருவருப்பு என்று நினைத்தாள். பவுனம்மாளோ வந்து தையலைப் பார்த்துவிட்டுப் போனாள், ஒருநாள் முருங்கைக்கீரை கொண்டுவந்து கொடுத்தாள். அந்த விஷயத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. பேசாமலிருப்பவளை எப்படி நம்புவது? எப்போது சொல்லலாம் என்று சமயம் பார்க்கிறாள் போலிருக்கிறது. ஏன் சொன்னோம், ஏன் சொன்னோம் என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

புரட்டாசியில் வேலைக்குத் திரும்பினாள். திரும்பின நாலாம் நாள் காலை, ஆபரேஷன் அறை ஜன்னலிலிருந்து பார்க்கிறாள். வெளிவாசலில் வீராசாமியின் வண்டி. பக்கத்தில் பவுனம்மாள். வீராசாமி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னவோ கேட்கிறான். பவுனம்மாள் தலையை ஆட்டுகிறாள். பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இந்த ஜன்னலைப் பார்த்தார்கள்.

இருதயமேரி கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். சொல்லிவிட்டாள், பாவி சொல்லிவிட்டாள். ஒன்பது வருஷம் கட்டிக் காத்தது போச்சு. இனி அவன் உள்ளே வந்து எல்லார் எதிரிலும் கேட்கிற வரைக்கும் இந்த ஜன்னலோரம் நின்றுகொண்டிருக்க அவளால் ஆகாது. தையல் போட்ட பக்கத்தைக் கையால் தாங்கிக்கொண்டு, வராந்தாவைக் கடந்து, வெயிலில் இறங்கி வாசலுக்கே போய்விட்டாள்.

"இவ சொன்னது அத்தனையும் நெசந்தான் வீராசாமி" என்றாள். "உன் பொண்டாட்டி வயித்துல ஒரு துணி நின்னுபோச்சு. எல்லாம் வந்துடுச்சுன்னு பொய் சொன்னவ நான்தான். அதாலதான் அவ செத்தா."

வீராசாமி திரும்பிப் பவுனம்மாளைப் பார்த்தான். பவுனம்மாளின் முகம் வெளிறிப் போயிருந்தது. அக்கா, நான் ஒரு வார்த்தை சொல்லலியே என்று முணுமுணுத்தாள். அவனுடைய மகள் வசந்தாவுக்குக் குடல்வால் வீக்கமாம், இன்றைக்கே ஆபரேஷன் என்று டாக்டர் சிஸ்டர் இப்போதுதான் வண்டிக்கே வந்து பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாராம். பெண் பயத்தில் நடுங்குகிறாள், மேரியம்மாவுக்குக் குத்தின ஊசியை அவளுக்கும் குத்தமுடியுமா என்று கேட்டுக்கொண்டிருந்தானாம். இவ்வளவுதான் அவர்கள் பேசினது. வண்டிக்குள் வைக்கோல் மேல் சுருண்டு படுத்திருந்தாள் அந்தப் பெண். ராஜாம்பாள் விட்டுப்போன பெண்.

இருதயமேரி வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள். அடிப்பான், அடிக்கட்டும் என்று நினைத்தாள். அவன் அடிக்கவில்லை. துண்டை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தே நின்றான்.

"நாப்பது நாளும் சொல்லிக்கினே இருந்தா மேரியம்மா" என்றான் கடைசியில். "உள்ள இன்னாவோ இருக்குது, குத்துதுன்னு. களை எடுக்குற நேரம். வேலைக்குப் பயந்துக்கினு நடிக்கிறான்னு நெனச்சேன். கையால ஆவுறவரைக்கும் அடிச்சேன்."

அதன்பிறகு மூன்று பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. தெரியும், தெரியும் என்று ஒன்பது வருஷமாக அவனைச் சந்தேகப்பட்டவளுக்கு, அவன் எதற்காக ஊர்ப் பெண்களையெல்லாம் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஓடி வந்தான் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

வண்டிக்குள்ளிருந்து குரல் வந்தது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தாள் வசந்தா. வைக்கோலைக் கையால் பிடித்துக்கொண்டு தலையைத் தூக்கி அப்பனைப் பார்த்தாள்.

"நைனா, எனக்கு நெசமாத்தான் வலிக்குது" என்றாள்.

வீராசாமி அவளை அள்ளித் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினான். இருதயமேரி அவனுக்கு முன்னால் போய்க் கதவைத் திறந்துவிட்டாள்.